தண்ணீர் ஏறி வந்த மேடு

விடிகாலை ஐந்தரைக்கு ராபர்ட்சன்பேட்டையை விட்டுக் கிளம்பி, பேத்தமங்களா ஏரிக்கரையில் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு, தண்ணீருக்கு மேலே பனி கலைவதைப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். நாற்பத்து மூன்று வயதில், என் காலால் மிதித்துப் போய்ப் பார்த்தேன். அன்றிலிருந்து எங்கள் ஊரான கோலார் தங்கவயலில் யாரைக் கண்டாலும் இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒரு பழைய சைக்கிளாவது எடுங்கள், பேத்தமங்களா வரைக்கும் ஒரு தடவை போய் வாருங்கள்.

தூரம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஆனால் புதிதாக சைக்கிள் ஏறுகிறவருக்கு இதைவிட நல்ல வாத்தியார் இந்தச் சுற்று வட்டாரத்தில் கிடையாது. போகும்போது மொத்தத்தில் இறக்கம், திரும்பும்போது மொத்தத்தில் ஏற்றம். போகும்போது சாலை தூக்கிக்கொண்டு போய் ஏரியில் விடும். திரும்பும்போது ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் கணக்குக் கேட்கும்.

இந்த மேட்டுக்கு ஒரு கதை உண்டு. சுரங்கங்களும் லைன் வீடுகளும் பெருகப் பெருகத் தண்ணீருக்குத் தவித்த ஊர் எங்கள் ஊர். 1900களின் தொடக்கத்தில் பேத்தமங்களாவில் நீர்நிலையம் கட்டி, ஏரித் தண்ணீரை வடிகட்டி, பம்பு வைத்துக் குழாய் வழியே மேலே தள்ளினார்கள். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்ததை எங்கள் ஊரில் எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். தண்ணீர் மேடேறி வந்ததும் அதற்குக் குறைந்த அதிசயமில்லை. அந்த ஏரி பாலாற்றின் மேல் இருக்கிறது. வட ஆற்காட்டில் பாலாற்றங்கரையை விட்டுப் பிழைக்க வந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் எங்களில் பலர். கரையை விட்டு வந்தவர்களுக்கு அதே ஆற்றின் தண்ணீர் குழாயில் வந்து சேர்ந்தது! சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்து மேலே வந்ததும் என் தாத்தா மடக் மடக்கென்று குடித்ததும் அந்தத் தண்ணீர்தான். ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்வேன். பம்பு தள்ளிய மேட்டை என் கால் தள்ளுகிறது.

முதல் வாரத்தில் நான்கே கிலோமீட்டர்தான் போனேன். வேகமாக மிதித்தால்தான் உடம்புக்கு நல்லது என்று நினைத்துக்கொண்டு மிதிமிதியென்று மிதித்தேன். இரண்டு நாளில் முட்டி வலி. சைக்கிள் கடைக்காரத் தம்பி பார்த்த மாத்திரத்தில், "அக்கா, ஸீட்டு இவ்ளோ கீழ இருந்தா முட்டி என்னத்துக்கு ஆகும்?" என்று ஸீட்டைத் தூக்கி வைத்தார். பெடல் கீழே போகும்போது குதிகாலை அதில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதித்தால் முட்டி லேசாக மடங்கியிருக்கும். அவ்வளவுதான் அளவு. ஒரு ஸ்பேனர், இரண்டு நிமிடம். என் சைக்கிள் வாழ்க்கையே அங்கேதான் தொடங்கியது!

இரண்டாவது பாடம் கியர். கனமான கியரில் திணறித் திணறி அழுத்துவதைவிட, லேசான கியரில் நிமிடத்துக்கு எண்பது சுற்று வரை காலைச் சுழலவிட்டால் தொடை எரியாது, முட்டியும் பிழைக்கும். ஏற்றம் வருவதற்கு முன்பே கியரை இறக்கிவிட வேண்டும். நட்ட நடு மேட்டில் இறக்கினால் செயின் முரண்டு பிடிக்கும்.

மூன்றாவதுதான் எனக்குப் பொக்கிஷம். மெதுவாகப் போ! பக்கத்தில் வருகிறவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம் போதும். அந்த வேகத்தில் மணிக்கணக்காக மிதித்தால், இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் அதிக ரத்தம் தள்ளப் பழகுகிறது. தசைக்குள் நுண்ணிய ரத்தக்குழாய்கள் பெருகுகின்றன. உடம்பு கொழுப்பை எரித்து ஓடக் கற்றுக்கொள்கிறது. வாரத்துக்கு மூன்று நாள் போனேன், அதில் ஞாயிறு மட்டும் நீளமான சவாரி. அந்த நீளத்தைப் போன வாரத்தைவிடப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்டுவதில்லை. நாலாவது வாரம் வந்தால் குறைத்துக்கொண்டு ஓய்வு. உடம்பு பலப்படுவது மிதிக்கும்போது இல்லை, தூங்கும்போதுதான். இது புரிந்த நாளிலிருந்து ஓய்வு நாளில் எனக்குக் குற்ற உணர்ச்சியே வருவதில்லை.

இப்படித்தான் ஒரு மார்கழி ஞாயிற்றுக்கிழமை ஏரியைத் தொட்டேன். ஊரில் விளக்கெரிந்த வீடுகளில் பாதி, பெங்களூர் ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்களின் வீடுகள். 2001இல் சுரங்கம் மூடியதிலிருந்து எங்கள் ஊர் நாலு மணிக்கே எழுந்துவிடுகிறது. அவர்கள் ஒரு பக்கம் போக, நான் மறுபக்கம் போனேன். ராகி வயல், தக்காளிச் செடி, நடுநடுவே கருங்கல் பாறை. கரை ஏறியதும் திடீரென்று அவ்வளவு தண்ணீர்! விஜயாதித்யமங்கலம் என்று கல்வெட்டுகளில் பேர் வாங்கிய பழைய ஊர் பேத்தமங்களா. கொண்டுபோன வாழைப்பழத்தையும் கடலை மிட்டாயையும் கரையில் உட்கார்ந்து தின்றேன். அன்றைக்குப் போல எதுவும் ருசித்ததில்லை.

அப்புறம் ஆசை வளர்ந்தது. பேத்தமங்களாவைத் தாண்டி குட்டஹள்ளியில் இருக்கும் பங்காரு திருப்பதி. அதற்கும் பிறகு முளபாகிலு. போகவர அறுபது கிலோமீட்டருக்குப் பக்கம் வரும். முளபாகிலில் அந்த ஊர்த் தோசை இருக்கிறதே, மேலே முறுகல், உள்ளே பஞ்சு, நெய் வாசம்! முப்பது கிலோமீட்டர் மிதித்துவிட்டு அதைச் சாப்பிடுகிற சுகத்தை காரில் வருகிறவர் அறிய வழியே இல்லை. பசிக்கும் முன் தின்பது, தாகத்துக்கு முன் குடிப்பது என்ற பாடத்தையும் அந்த வழியில்தான் படித்தேன். தசையில் சேர்ந்திருக்கும் மாவுச்சத்து கடுமையாக மிதித்தால் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். தீர்ந்தபின் தின்றால் தாமதம். முக்கால் மணிக்கு ஒருதரம் ஒரு வாய் போடுகிறேன், உப்புப் போட்ட எலுமிச்சை ஜூஸ் கூடவே இருக்கிறது.

மெதுவாகப் போவதால் எங்கே போய்ச் சேர முடியும் என்று கேட்பவர்களிடம் ஆடாக்ஸ் என்ற நெடுந்தூர சைக்கிள் சவாரியைச் சொல்வேன். உலகம் முழுக்க ஒரே விதி. 200 கிலோமீட்டர், 13 மணி 30 நிமிடம். டீ, சாப்பாடு, பஞ்சர் எல்லாம் அதற்குள் அடக்கம். கணக்குப் போட்டால் மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர்கூட முழுசாக வராது. அது என்னுடைய பேச்சு வேகம்! அதைக் கணக்குப் போட்டுப் பார்த்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

பெண்களுக்கு இதெல்லாம் எதற்கு என்று தெருவில் ஒருவர் கேட்டார். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்களை சைக்கிளில் ஏற்றியதைச் சொன்னேன். குவாரியில் கல் உடைத்தவர்கள், வயலில் வேலை செய்தவர்கள், இடுப்பில் குழந்தை வைத்திருந்தவர்கள் மிதித்தார்கள். இப்போது எங்கள் தெருவில் என்னோடு சேர்த்து மூன்று பெண்கள் மிதிக்கிறோம்.

போன மாதம் நூறு தொட்டேன். முளபாகிலு போய், குருடுமலை விநாயகரைப் பார்த்து, ஆவனிக்குப் போய்த் திரும்பினேன். ஆவனியில் மலை மேல் கோயிலில் இருக்கும் சீதையைக் கீழிருந்தே கும்பிட்டுக்கொண்டேன், காலைக் கடைசி ஏற்றத்துக்கு மிச்சம் வைக்க வேண்டியிருந்தது. பேத்தமங்களாவில் பாட்டிலை நிரப்பியபோது வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. முதல் மாதத்தில் மூன்று இடத்தில் இறங்கித் தள்ளிய அதே மேடு. கியரை முன்பே இறக்கினேன், எண்பது எண்பதாக எண்ணினேன், ஓரிடத்திலும் காலைக் கீழே ஊன்றவில்லை. தூரத்தில் எங்கள் ஊர்ச் சுரங்கக் கழிவு குவிந்த சயனைட் மேடு தெரிந்தபோது சத்தமாகவே கத்திவிட்டேன். எதிரே மாடு ஓட்டி வந்த பெரியவர் நின்று சிரித்தார்.

இப்போது சுவரில் பாலாற்றின் படம் ஒட்டியிருக்கிறேன். மொத்தம் 348 கிலோமீட்டர், கடல் வரைக்கும். பென்சிலால் முதல் கோடு வாணியம்பாடி வரைக்கும் போட்டாயிற்று. தாத்தா புறப்பட்டு வந்த திசை அது. தை பிறந்ததும் கிளம்புகிறேன்.