நல்லார்பார் சாலையில் கேரவன்

ஆஸ்திரேலியாவின் தென்கரையோரம், செடுனாவிலிருந்து நார்ஸ்மன் வரை நல்லார்பார் சமவெளி வழியே சுமார் 1,200 கிலோமீட்டர் நீளும் ஐர் நெடுஞ்சாலைப் பகுதியில், கணவனும் மனைவியுமாகப் பயணம் செய்வோர் பலருக்கு வீடாக அமைவது கேரவன், அதாவது சொந்த எஞ்சின் இல்லாமல் காரின் பின்னால் பூட்டி இழுக்கப்படும் சக்கர வீடு. இதன் நுட்பம் உள்ளிருக்கும் கட்டிலையும் அடுப்பையும் விட, பூட்டும் இடத்தில்தான் மிகுதியாக விளங்குகிறது. காரின் பின்புறம் நீண்டிருக்கும் 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுக் குமிழின் மேல், கேரவனின் முன்தண்டு நுனியிலுள்ள கிண்ணம் பிசகாமல் கவிய வேண்டும் என்பதால், ஒருவர் காரை மெல்லப் பின்னோக்கி நகர்த்த, மற்றவர் அருகில் நின்று விரற்கடை அளவுக்குக் கையசைத்து வழிகாட்டுகிறார். இருவர் சேர்ந்து பழகிய இந்த ஒத்திசைவு பார்க்கப் பார்க்க அலுக்காதது.

கேரவனின் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு அக்குமிழின் மேல் இறங்குவது நல்லது. பின்பாரம் மிகுந்தால் வண்டி பக்கவாட்டில் அலைபாயும். ஆகவே தண்ணீர்க் கலன், தகர டப்பா போன்ற கனமானவற்றை அச்சுக்கு நேர்மேலே, தரையை ஒட்டி அடுக்குவது மரபு. பலடோனியாவுக்கும் கைகூனாவுக்கும் இடையே 146 கிலோமீட்டருக்கும் மேல் வளைவே இல்லாத பாதையில், எதிரே பெருஞ்சரக்கு லாரி கடக்கும்போது எழும் காற்றுமோதலில் இந்த அடுக்குமுறையின் அருமை புலப்படும்.

மேற்கு நோக்கிச் செல்வோர், மாநில எல்லைச் சோதனைச் சாவடியில் பழங்களையும் காய்கறிகளையும் ஒப்படைக்க நேரும் என்பதால், புண்டா செங்குத்துப் பாறைகளுக்கு அருகே தங்கும் இரவிலேயே எஞ்சிய காய்களையெல்லாம் ஒரே குழம்பாக்கி விடுகிறார்கள்.