எந்த விரல் முதலில் தொட்டது?

ஒலியைக் கூட்டலாம் என்று காரின் ஆடியோ செட்டில் குமிழை வலப்பக்கம் திருப்பினால் திரையில் 11, 12, பிறகு 10 என்று எண் பின்வாங்கியது. இரண்டு கடைகளில் செட்டையே மாற்றச் சொன்னார்கள். மூன்றாவது கடையில் ஒரு பெரியவர், கண்ணை மூடிக்கொண்டு குமிழை நாலைந்து தரம் மெல்லத் திருப்பிப் பார்த்தார். "செட்டு நல்லாத்தான் இருக்கு சார். என்கோடர்லதான் அழுக்கு" என்றார். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன்.

பழைய ரேடியோவின் வால்யூம் கரித்தடத்தின் மேல் ஊரும். முக்கால் சுற்றுக்குமேல் போனால் முட்டி நின்றுவிடும். வீணையின் பிருடையைப்போல அதற்குப் படிகள் கிடையாது. இன்றைய குமிழோ முடிவில்லாமல் சுற்றுகிறது. தான் எந்த இடத்தில் நிற்கிறது என்பதே அதற்குத் தெரியாது. ஒரு படி நகர்ந்தேன், இந்தத் திசையில் நகர்ந்தேன், இவ்வளவுதான் அது சொல்லும் சேதி.

குமிழை இழுத்ததும் ஒரு பக்கம் சீவிய தண்டு தெரிந்தது. சால்டரை உருக்கி ஐந்து கால்களையும் விடுவித்து, என்கோடர் என்னும், ஒரு சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும் அந்தச் சதுரப் பெட்டியைக் கையில் எடுத்தார். அதன் நான்கு தகட்டு மடிப்புகளை நிமிர்த்தும்போது அவர் மூச்சைக்கூட அடக்கியதுபோல் இருந்தது. இரண்டு மூன்று தரம் வளைத்தால் அவை ஒடிந்துவிடும்.

உள்ளே ஒரு வட்டத்தகடு, இடைவெளி விட்டு இடைவெளி விட்டு உலோகப் பட்டைகள். அவற்றின்மேல் மயிரிழைபோல் வளைந்த தொடுவிரல்கள். விரலில் நாம் உணரும் அந்த 'டிக்' இவற்றின் வேலை அன்று. பள்ளம் பள்ளமாக வெட்டிய வளையத்தில் ஒரு வில்தகட்டின் முனை ஏறி ஏறி விழுகிறதே, அதன் வேலை. இருட்டில், சாலையை விட்டுக் கண்ணெடுக்காமல் ஒலியைக் கூட்ட முடிவது இந்தப் பள்ளங்களால்தான். தொடுதிரையில் எத்தனை அழகு செய்தாலும் இந்தச் சுகம் வராது.

நான் சொக்கிப்போனது தொடுவிரல்களைப் பார்த்துத்தான். திசை சொல்ல இரண்டே போதும். இரண்டும் ஒரே கணத்தில் பட்டையைத் தொடத் தொடங்காதபடி சற்றே தள்ளி வைத்திருக்கிறார்கள். வலப்பக்கம் திருப்பினால் முதல் விரல் முந்தும். இடப்பக்கம் என்றால் இரண்டாவது முந்தும். யார் முந்தினார் என்று பார்த்தே திசை தெரிந்துவிடுகிறது. ஒரு நேரத்தில் ஒன்றே மாற வேண்டும் என்னும் இந்த ஒழுங்குக்கு, பெல் ஆய்வகத்தின் ஃபிராங்க் கிரே 1953இல் காப்புரிமை பெற்ற 'கிரே குறிமுறை'யின் பெயரே நிலைத்திருக்கிறது.

என் காரின் கோளாறும் இங்கேதான். கிரீஸ் இறுகி, பட்டை கறுத்து, முதல் விரல் தொட வேண்டிய கணத்தில் தொடவில்லை. அதற்குள் இரண்டாவது தொட்டுவிட்டது. நான் வலப்பக்கம் திருப்பியதை செட் இடப்பக்கம் என்று புரிந்துகொண்டது. பொய் சொன்னதாக அதைக் குறைகூற மனம் வரவில்லை. வந்து சேர்ந்த வரிசையைத்தானே அது நம்பியது!

பெரியவர் பஞ்சுக்குச்சியை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, பட்டையின் போக்கிலேயே துடைத்தார். கறுப்பு நீங்கி மஞ்சள் ஒளி எழுந்தது. பிறகு ஊசிமுனையால் தொடுவிரலைப் பட்டையை நோக்கி இம்மியளவு நெம்பினார். கூடினால் பட்டையைத் தேய்க்கும், குறைந்தால் தொடாது. அந்த அளவு எந்தக் கருவியிலும் இல்லை, அவர் கட்டைவிரலில் இருந்தது. பள்ள வளையத்தில் மட்டும் புது கிரீஸ் பொட்டளவு வைத்து மூடினார்.

பொருத்தி முடித்ததும், "நீங்களே திருப்புங்க சார்" என்றார்.

திரையில் 11 இருந்தது. ஒரு டிக். 12.