லவெண்டரும் நமது மூக்கும்

நூலுக்கு விமரிசனம் உண்டு, இசைக்கு உண்டு, நாடகத்துக்கும் திரைப்படத்துக்கும் உண்டு. மணத்துக்கு விமரிசனம் எதற்கு என்று கேட்பார் நம்மிடையே பலர். கண்டதையும் கேட்டதையும் நிறுத்துப் பார்க்கும் அறிவு, நுகர்ந்ததை மட்டும் விளம்பரக்காரன் சொன்னபடியே ஏற்றுக்கொள்வது முறையாகுமோ? குப்பியின்மேல் 'ஆடவர்க்கு' என்று அச்சிட்டிருந்தால் அஃது ஆண்மை மணம். 'மகளிர்க்கு' என்றிருந்தால் பெண்மை மணம். விலை மிகுந்திருந்தால் உயர்ந்த மணம். இவ்வளவில் நின்றுவிட்டது நமது மண அறிவு. இது போதாது என்பதே நமது துணிபு. அதனை நிலைநாட்ட லவெண்டர் என்னும் ஒரு பொருளை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் வாழும் நமக்கு லவெண்டர் நேரிற் கண்ட செடியன்று. வெப்பமும் ஈரமும் மிகுந்த நமது தாழ்நிலம் அதற்கு ஆகாது. கேமரன் மலையின் குளிரிலே காட்சிக்காக வளர்க்கப்படுவதைப் போய்ப் பார்த்து வந்தவர் சிலர் உண்டு. ஆயினும் சிரம்பானிலோ பகாவிலோ எந்தக் கடையில் நுழைந்தாலும் அப்பெயர் நம்மை எதிர்கொள்கிறது. சவர்க்காரத்தில் லவெண்டர், முகப்பவுடரில் லவெண்டர், துணி துவைக்கும் தூளிலும் தரை கழுவும் நீரிலும் லவெண்டர். செடியைக் காணாமலே அதன் மணத்தை அறிந்துவிட்டதாக எண்ணியிருக்கிறோம்.

பெயர் ஒன்று, பொருள் வேறு என்பதற்குச் சிங்கப்பூரில் நல்லதோர் எடுத்துக்காட்டு உண்டு. அங்கு லவெண்டர் ஸ்திரீட் என்றொரு சாலை இருக்கிறது. அங்கே லவெண்டர் பயிரிட்டார்கள் என்று எவரேனும் கருதினால் ஏமாந்து போவார். 19ஆம் நூற்றாண்டில் அப்பகுதியில் காய்கறித் தோட்டங்கள் இருந்தன. அவற்றிற்கு மலமே எருவாக இடப்பட்டது. அந்த வாடையைத் தாங்கமாட்டாதவர் ஏளனமாகச் சூட்டிய பெயரே நிலைத்துவிட்டது. நாற்றத்தை மறைக்க நல்ல பெயரிடும் வழக்கம் அச்சாலையோடு நின்றுவிடவில்லை என்பதைப் பின்னர்க் காண்போம்.

முதலில் பொருளை ஆராய்வோம். லவெண்டர் எண்ணெய் ஒரே வகையினதன்று. பிரான்சின் தென்கிழக்கு மலைகளில் உயரமான இடத்தில் விளையும் மெல்லிய லவெண்டர் ஒன்று. அதற்குக் கீழே, வெப்பம் மிகுந்த சரிவுகளில் வளரும் கரடுமுரடான லவெண்டர் மற்றொன்று. இவ்விரண்டும் கலந்து பிறந்தது லவாண்டின். இக்கலப்புச் செடி விதையால் இனம் பெருக்காது. குச்சி நட்டே பெருக்க வேண்டும். ஆனால் எண்ணெயோ மெல்லிய வகையைவிடப் பன்மடங்கு மிகுதியாகக் கிடைக்கும். ஆர்.ஆர்.ஐ.எம். 600 போன்ற ஒட்டுரகங்களின் பால் விளைச்சலை ஏக்கர்க் கணக்கில் எழுதிப் பழகிய தோட்டக் கிராணிகளாகிய நமக்கு இதன் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை. விளைச்சல் மிகுந்தது வயலைப் பிடித்துக்கொள்ளும். இன்று புரோவான்சில் ஊதா நிறமாக விரிந்து தோன்றும் வயல்களிற் பெரும்பாலானவை லவாண்டினே. 1981இல் பிரெஞ்சு அரசாங்கம் மேட்டுப் புரோவான்சின் மெல்லிய லவெண்டர் எண்ணெய்க்குத் தனிப் பெயர்க் காப்பு அளித்தது, இப்பெருவெள்ளத்தில் அது மூழ்கிவிடாமல் இருக்கும் பொருட்டேயாம்.

இனி மூக்கின் வேலை. லவெண்டரை அறியாத தமிழ் மூக்குக்கு அதனை எவ்வாறு உணர்த்துவது? அயல்நாட்டு உவமைகள் வேண்டா. நமது அடுக்களையிலும் பூசை மாடத்திலும் கிடைப்பனவே போதும். கொத்தமல்லி விதையை இடித்தவுடன் எழும் இனிய காரத்தை நினைவு கூருங்கள். லினலூல் என்னும் பொருளே அதற்குத் தலையாய காரணம். லவெண்டரிலும் அதுவே ஒரு தூண். அதனோடு சற்றே பழச்சாயலும் பூச்சாயலும் கொண்ட லினலைல் அசெட்டேட் சேர்கிறது. இவற்றின் பின்னே சிறிது நீலகிரித் தைலத்தின் குளிர்ச்சி. சிறிது கற்பூரத்தின் கூர்மை. அடியிலே உலர்ந்த புல்லின் வெதுவெதுப்பு. மெல்லிய லவெண்டரில் கற்பூரம் அரிதினும் அரிது. லவாண்டினில் அது மிகும். ஆகவே மருந்துக்கடை போல் மணக்கிறதென்று லவெண்டரைத் தள்ளுபவர் உண்மையில் தள்ளுவது லவாண்டினை. தரை கழுவும் நீரை முகர்ந்துவிட்டு லவெண்டருக்குத் தீர்ப்புச் சொல்வது, தெருக்கூச்சலைக் கேட்டுவிட்டு இசைக்குத் தீர்ப்புச் சொல்வதை ஒக்கும்.

ஒரே இலைப்பூவில் இத்துணை முகங்கள் இருப்பதனாலேயே மணக்கலைஞர் அதனைப் பலவாறு திருப்பிக் காட்ட முடிந்தது. 1882இல் ஹுபிகான் நிலையத்துக்காகப் பால் பார்க்கே என்பவர் அமைத்த 'பூஜேர் ரோயல்' இவ்வரலாற்றில் ஒரு திருப்பம். பூஜேர் என்றால் பெரணி. பெரணிக்குச் சொல்லும்படியான மணம் இல்லை என்பதை நம்மைவிட நன்கறிந்தவர் யார்? நமது செம்பனை மரங்களின் அடிமரம் முழுதும் பெரணி தொங்குகிறது. அதன் கொழுந்தை மலாய் அன்பர்கள் தேங்காய்ப்பாலில் சமைக்கிறார்கள். அதனை மணத்துக்காகப் பறித்துச் சூடினவர் ஒருவரும் இலர். இல்லாத மணத்தைக் கற்பனையால் படைத்ததே பார்க்கேயின் பெருமை. லவெண்டரின் குளிர்ச்சியை மேலே வைத்தார். கருவாலி மரத்துப் பாசியின் ஈர மண் வாடையைக் கீழே வைத்தார். நடுவே கூமரின் என்னும் பொருளால் உலர் புல்லின் இனிமையை ஊட்டினார். கூமரினை 1868இல் ஆய்வுக்கூடத்தில் ஆக்கியவர் வில்லியம் பெர்க்கின். இயற்கையைப் பெயர்த்தெழுதுவதை விடுத்து மணக்கலை தன் கற்பனையில் நடக்கத் தொடங்கிய இடம் இது எனலாம்.

1889இல் ஏமே கெர்லன் ஆக்கிய 'ஜிக்கி' அடுத்தது. (நமது பின்னணிப் பாடகியை நினைத்துக்கொள்ள வேண்டா; பெயர் ஒற்றுமை தற்செயலே.) லவெண்டர் மேலே, வனில்லாவின் இனிமை கீழே, இரண்டுக்கும் இடையில் புனுகு! நமது முன்னோர் போற்றிய அதே புனுகுதான். துவைத்து உலர்த்திய வெள்ளாடையை ஒத்த லவெண்டரோடு விலங்கின் வெப்பத்தை இணைத்தது பெருந்துணிவு. தூய்மையும் உடலும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்று இம்மணம் சொல்லாமற் சொல்கிறது. லவெண்டரை வைத்துச் செய்தவற்றுள் இதனையே நாம் முதலில் வைப்போம். பின்வந்த எதிலும் இத்தகைய பூசல் இல்லை. பூசல் இல்லாத கலையில் உயிரும் குறைவு.

1934இல் காரோன் நிலையத்தின் எர்னெஸ்ட் தால்த்ரோஃப் ஆக்கியது, 'ஓர் ஆடவனுக்காக' என்று பொருள்படும் பெயருடைய மணம். ஜிக்கியின் லவெண்டரும் வனில்லாவும் இதிலும் உண்டு. புனுகின் பூசல் இல்லை. எளிமையும் நேர்மையும் இதன் சிறப்பு. 1964இல் 'ப்ரூட்', 1982இல் 'திராக்கார் நுவார்' என்று லவெண்டர் முடிதிருத்தும் நிலையங்களுக்கும் முகச்சவரக் குப்பிகளுக்கும் உரியதாயிற்று. 1995இல் பிரான்சிஸ் குர்க்ஜான், ஜான் பால் கோத்தியேவுக்காக ஆடவன் உடலைப் போன்ற குப்பியில் 'லெ மால்' ஆக்கினார். புதினாவும் லவெண்டரும் வாயிலில் நின்று வரவேற்கின்றன. உள்ளே போனால் வனில்லா வெள்ளம். திறமை உண்டு, அளவு இல்லை என்பதே நமது கருத்து. 2019இல் ஆன் பிலிப்போவும் கார்லோஸ் பெனைமும் இவ் சான் லொரானுக்காக ஆக்கிய 'லீப்ர' லவெண்டரோடு ஆரஞ்சுப் பூவை இணைத்து மகளிர்க்கு அளித்தது. லீப்ர என்றால் விடுதலை பெற்ற என்று பொருள். மகளிர் விடுதலை குப்பியில் அடைத்து விற்கப்படும் பொருளன்று என்றாலும், கலவை நன்று.

நேயர்கள் இவ்வரிசையை மீண்டும் நோக்குக. ஆங்கிலேய மூதாட்டியர் துணிப்பெட்டியில் இட்டது லவெண்டர். ஜிக்கியை இருபாலாரும் அணிந்தனர். பின்னர் அதே லவெண்டர் ஆண்மையின் அடையாளமாயிற்று. இப்பொழுது மீண்டும் மகளிர்க்கு உரியதாகிறது. செடி மாறிற்றா? லினலூல் மாறிற்றா? மாறியது குப்பியின்மேல் ஒட்டிய சீட்டே! மணத்துக்கு ஆண் பெண் என்ற பிறப்பு இல்லை. அது மனிதர் வகுத்த வழக்கம்.

இது நமக்குப் புதிய செய்தியும் அன்று. சேரனுக்குப் பனம்பூ, சோழனுக்கு ஆத்தி, பாண்டியனுக்கு வேம்பு என்று சூடிய இனம் நாம். போருக்குச் செல்லும் வீரன் பூச்சூடிச் சென்றான். அதனால் அவன் ஆண்மை குறைந்ததென்று எவரும் சொல்லவில்லை. மாதவி நீராடிய நீரிலே பத்து வகைத் துவரும், ஐந்து வகை விரையும், முப்பத்திரண்டு வகை ஓமாலிகையும் ஊறின என்று சிலப்பதிகாரத்துக் கடலாடு காதை கணக்குச் சொல்கிறது. இது வெறும் ஆடம்பரச் செய்தியன்று. கலவை நூலறிந்த ஒரு சமுதாயத்தின் சான்று. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் தொண்ணூற்றொன்பது பூக்களை அடுக்கிச் சொன்னார். மேனாட்டு மணக்கலைஞர் இன்றும் வெட்டிவேரைத் தமிழ்ப் பெயராலேயே வழங்குகின்றனர். இத்தகைய மரபுடைய நாமே பின்னாளில், கணவனை இழந்தவளுக்குப் பூவும் இல்லை, சாந்தும் இல்லை என்று சட்டம் வகுத்தோம். மல்லிகைக்குத் தாலியைக் கண்டறியும் ஆற்றல் உண்டோ? லவெண்டரின் கதையை நன்கறிந்தவன் இவ்வழக்கத்துக்கு இயற்கையின் பெயரால் வாதாட முடியாது.

இன்னும் ஒன்று. பாரிசின் குளிரில் எழுதப்பட்ட மண நூல்களை நமது தோட்டத்து வெயிலில் அப்படியே ஒப்புக்கொள்ளலாகாது. லவெண்டர் விரைவில் ஆவியாகும் இயல்பினது. நமது நண்பகலில் அது அரைநாழிகையில் விடைபெற்றுப் போகும். அடியிலுள்ள வனில்லாவும் கூமரினும் வியர்வையோடு கலந்து தங்கும். அங்கே லவெண்டராக மணப்பது இங்கே பாயசமாக மணக்கும். ஆகவே நமது விமரிசனம் நமது வெயிலில் பிறக்க வேண்டும். காலைக் குளிரில் லவெண்டர், மாலையில் நீராடியபின் வெட்டிவேரோ மரிக்கொழுந்தோ என்று தேர்ந்துகொள்வதே இந்நாட்டு மூக்குக்கு ஏற்றது. பொருள் ஓரிடத்தாருக்கே உரியது என்னும் மயக்கமும் வேண்டா. ஆங்கில லவெண்டருக்குப் பெயர்போன யார்ட்லியின் ஆசிய வாணிகம் 2009இல் இந்தியாவின் விப்ரோ வசம் வந்தது. ஜம்மு காஷ்மீரில் தோடா மாவட்டத்துப் பதேர்வா உழவர்கள், மக்காச்சோளத்தை விட்டு லவெண்டர் பயிரிட்டு ஊதியம் காண்கின்றனர். 2016இல் தொடங்கிய அரசாங்க ஆராய்ச்சி மன்றத்தின் நறுமணத் திட்டம் அதற்கு ஊக்கம் அளித்தது.

முடிவாக, நாற்றம் என்னும் சொல்லை நோக்குவோம். பழந்தமிழில் அது நறுமணத்தையும் குறித்தது; இன்று கெட்ட வாடையை மட்டுமே குறிக்கிறது. சொல் இழிந்தது போலவே மனிதரையும் வாடையால் இழிவாக்கினோம். மங்கில் தேங்கும் கட்டிப்பாலும் ஒட்டுப்பாலும் நுண்ணுயிர்களால் அழுகுங்கால் ஒருவகைக் கொழுப்பமிலங்கள் எழுகின்றன. அவ்வாடை பால்வெட்டுவோர் ஆடையிலும் முடியிலும் ஏறிக்கொள்ளும். பேருந்தில் அவர்கள் அருகில் அமர மறுத்து மூக்கைப் பொத்திக்கொண்டவர் பலர். அவர்கள் ஏறிச்சென்ற பேருந்தின் சக்கரம் எதனால் ஆனதென்று அவர்கள் எண்ணியதில்லை. அலுவலகத்தில் அமர்ந்த கிராணி வகுப்பார் கைக்குட்டையில் லவெண்டர் நீர் தெளித்துக்கொண்டது மணத்தின்மேற் கொண்ட காதலால் மட்டுமன்று. நாம் லயத்தைச் சேர்ந்தவர் அல்லோம் என்று அறிவிக்கும் பொருட்டும் ஆம். சிங்கப்பூர்ச் சாலைக்கு இட்ட பெயரைப் போலவே அதுவும் ஒரு மூடுதிரை.

இன்று நம்மவரிற் பெரும்பாலோர் தோட்டங்களை விட்டு நகரங்களுக்குப் போய்விட்டனர். பல தோட்டங்களில் வங்காளதேசத்தாரும் இந்தோனேசியரும் அவ்வேலையைச் செய்கின்றனர். நேற்று நம்மைக் கண்டு பிறர் பொத்திய மூக்கை இன்று அவர்களைக் கண்டு நாம் பொத்துகிறோம். இது நியாயமா? ஒரு வாடை உழைப்பினின்று வருகிறதா, அழுக்கினின்று வருகிறதா என்று பிரித்தறியாத மூக்கு, லவெண்டரையும் லவாண்டினையும் பிரித்தறிந்து ஆவதென்ன?

ஆகவே அன்பர்களே, மணத்தை நுகருங்கள், கூச்சமின்றி நுகருங்கள். ஆணோ பெண்ணோ, கணவனை இழந்தவளோ, கிராணியோ பால்வெட்டுபவரோ, எவரும் விரும்பிய மணத்தை அணியட்டும். குப்பியின் சீட்டையும் விலையையும் ஒதுக்கிவிட்டு, உள்ளே இருப்பது யாது, அது எவ்வாறு அமைந்தது, நமது வெயிலில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கேளுங்கள். மனிதரை மட்டும் மூக்கால் அளக்காதீர்கள்.