வெளிச்சத்தில் வைக்க வேண்டிய சிற்பங்கள்

ஓவியங்களையும் பட்டுத்துணிகளையும் பாதுகாக்கும் அருங்காட்சியகங்கள் வெயிலுக்கு அஞ்சுபவை. சாயம் வெளுக்கும், நூல் இற்றுப்போகும் என்று சன்னல்களை மூடி, விளக்குகளைத் தணித்து வைத்திருப்பார்கள். கண்ணாடிக்கு அந்த அச்சம் இல்லை. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்திலுள்ள கார்னிங் கண்ணாடி அருங்காட்சியகம் 2015-இல் தன் சமகாலக் கலைப் பிரிவைத் திறந்தபோது, கட்டடக்கலைஞர் தாமஸ் ஃபைஃபர் கூரை வழியாகப் பகல் வெளிச்சத்தையே உள்ளே இறக்கினார். வெள்ளைச் சுவர்கள் வளைந்து செல்ல, வானத்து ஒளி மேலிருந்து பரவுகிறது. மேகம் ஒன்று கடந்தால் சிற்பத்தின் நிறம் ஒரு படி இறங்கும். மாலையில் அதன் உட்புறம் வேறாகத் தெரியும். கண்ணாடிச் சிற்பம் உலையை விட்டு வெளியே வந்ததும் முடிந்துவிடுவதில்லை. அதை எந்த வெளிச்சத்தில், எந்த உயரத்தில், எதன் முன்னால் வைக்கிறார்கள் என்பதும் படைப்பின் ஒரு பகுதி. கடந்த அறுபது ஆண்டுக் கண்ணாடிக் கலையை மதிப்பிடும்போது, படைத்தவர்களோடு காட்சிக்கு வைத்தவர்களையும் சேர்த்தே பேசியாக வேண்டும்.

இந்தக் கலையின் நவீன வரலாறே ஓர் அருங்காட்சியக வளாகத்தில்தான் தொடங்குகிறது. 1962 மார்ச்சில் ஒஹையோ மாநிலத்தின் டொலீடோ கலை அருங்காட்சியகத்துக்குச் சொந்தமான ஒரு கொட்டகையில் சிறிய உலை ஒன்றை மூட்டினார் ஹார்வி லிட்டில்டன். அவர் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மட்பாண்டக் கலை கற்பித்தவர். அவருடைய தந்தை கார்னிங் நிறுவனத்தில் பைரெக்ஸ் கண்ணாடி உருவாகக் காரணமாக இருந்த இயற்பியலாளர்களில் ஒருவர். அதுவரை கண்ணாடி என்பது தொழிற்சாலைப் பொருள். வடிவமைப்பாளர் தாளில் வரைவார், தொழிலாளர்கள் ஊதுவார்கள். கலைஞரே தன் சொந்த உலையின் முன் நின்று ஊத முடியுமா என்பதுதான் லிட்டில்டனின் கேள்வி. முதலில் உருக்கிய கலவை சரிவரவில்லை. கண்ணாடி இழைத் தொழிலில் ஆராய்ச்சியாளராக இருந்த டொமினிக் லபினோ, இழை தயாரிக்கப் பயன்படும் கண்ணாடிக் கோலிகளைக் கொண்டுவந்து உருக்கச் சொன்னார். அது இளகியது, ஊதவும் வந்தது. ஜூனில் இரண்டாவது பட்டறை நடந்தது. சில ஆண்டுகளுக்குள் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் உலைகள் எரியத் தொடங்கின.

அந்த முதல் ஆண்டுகளின் கிண்ணங்களும் குமிழ்களும் கோணல்மாணலானவை. அவற்றை அழகுக்காக இன்று யாரும் வியக்கப்போவதில்லை. ஆனால் தொழிற்சாலையின் தயவின்றி ஒரு மனிதர் கண்ணாடியோடு தனியே போராடிய தடயம் அவற்றில் இருக்கிறது. அதனால்தான் அவை காட்சிக்கு வைக்கத் தகுதியானவை என்பேன். 1962-இலேயே ஜெர்மனியின் பவேரியாவில், ஃபிராவனாவ் என்னும் ஊரில், எர்வின் ஐஷ் என்ற கலைஞரை லிட்டில்டன் சந்தித்தார். குடும்பத் தொழிற்சாலைக்குள்ளேயே இருந்துகொண்டு, குறையில்லாப் பளபளப்பை வேண்டுமென்றே உதறியவர் ஐஷ். இருவரும் வாழ்நாள் நண்பர்களானார்கள்.

அமெரிக்கர்கள் ஊதப் பழகிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், செக்கோஸ்லோவாக்கியாவில் இன்னும் ஆழமான வேலை நடந்துகொண்டிருந்தது. ஷெலெஸ்னி ப்ரோட் என்னும் சிற்றூரில் 1954-இல் சந்தித்த ஸ்டானிஸ்லாவ் லிபென்ஸ்கியும் யாரஸ்லாவா ப்ரிக்டோவாவும் பின்னர் கணவன் மனைவியாகி, லிபென்ஸ்கி இறந்த 2002 வரை சேர்ந்தே படைத்தார்கள். லிபென்ஸ்கி வரைவார், அந்த வரைபடத்தை ப்ரிக்டோவா களிமண்ணில் சிற்பமாக்குவார். அதிலிருந்து எடுத்த அச்சில் கண்ணாடித் துண்டுகளை நிரப்பிச் சூளையில் உருக்குவார்கள். பிறகு காத்திருப்பு. தடித்த கண்ணாடி வெளியே விரைவாகவும் உள்ளே மெதுவாகவும் குளிர்ந்தால், உள்ளே உண்டாகும் இழுவிசையிலேயே வெடித்துவிடும். ஆகவே வெப்பத்தைச் சிறிது சிறிதாக, வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் குறைக்க வேண்டும். பாலோமார் தொலைநோக்கிக்காக 1934-இல் கார்னிங்கில் வார்த்த 200 அங்குல ஆடி பத்து மாதம் ஆறியது. அதற்கு முன் வார்த்துப் பழுதான முதல் வட்டு இன்றும் கார்னிங் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. கலைஞர்களும் அறிவியலாளர்களும் ஒரே பொறுமையை நம்பியிருக்கிறார்கள் என்பதை அந்தப் பழுதான வட்டு அளவுக்கு வேறெதுவும் சொல்லாது.

லிபென்ஸ்கி–ப்ரிக்டோவா இணையின் கண்டுபிடிப்பு இதுதான்: ஒரே நிறக் கண்ணாடி தடிமன் கூடினால் இருளும், குறைந்தால் ஒளிரும். வண்ணம் பூசாமல், கண்ணாடியின் உள்ளளவை மட்டுமே கூட்டிக் குறைத்து அவர்கள் நிழலையும் ஒளியையும் செதுக்கினார்கள். 1993-இல் அவர்கள் வார்த்த ‘சிவப்புப் பிரமிடு’ கார்னிங்கில் இருக்கிறது. முன்னிருந்து மட்டும் விளக்கடித்தால் அது வெறும் சிவப்புக் கட்டி. பின்னாலிருந்து வெளிச்சம் வரும்போதுதான் அதனுள் இருக்கும் அறைகளும் ஓரங்களும் எழுகின்றன.

கம்யூனிச ஆட்சியில் ஓவியர்களுக்குக் கிடைக்காத சுதந்திரம் இவர்களுக்குக் கிடைத்தது. கண்ணாடியை அதிகாரிகள் அலங்காரப் பொருளாகவே கருதியதால் அருவக்கலைக்கு அதில் இடமிருந்தது. 1958 பிரஸ்ஸல்ஸ், 1967 மொன்றியால் உலகக் கண்காட்சிகளில் அரசே இவர்களுடைய படைப்புகளைப் பெருமையுடன் வைத்தது. 1970 ஒசாகா கண்காட்சிக்கென அவர்கள் செய்த ‘வாழ்வின் ஆறு’ என்னும் பெரும் கண்ணாடிச் சுவரில், உறைந்த நீரின் மேல் படைவீரர்களின் பூட்ஸ் தடங்கள் பதிந்திருந்தன. 1968-இல் பிராக் நகருக்குள் நுழைந்த சோவியத் படைகளின் தடங்கள் அவை. அதிகாரிகள் அதை உணர்ந்துகொண்டார்கள். தடங்களை நீக்க ஆணை வந்தது. கண்ணாடி வெறும் அலங்காரம் என்று இன்றும் சொல்பவர்களுக்கு இந்த ஒரு நிகழ்ச்சி போதும்.

அலங்காரம் என்ற அந்தப் பெயர் நீடிப்பதற்குக் கண்காட்சிகளும் காரணம். லிட்டில்டனின் மாணவரான டேல் சிஹூலி 1968-இல் வெனிஸை அடுத்த முரானோ தீவின் வெனினி தொழிற்சாலைக்குப் போய், குழுவாகச் சேர்ந்து ஊதும் முறையைக் கற்றார். 1971-இல் வாஷிங்டன் மாநிலத்தில் பில்சக் கண்ணாடிப் பள்ளியைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். 1976-இல் ஒரு கார் விபத்தில் இடக்கண் பார்வை போயிற்று. சில ஆண்டுகளில் தோளிலும் அடிபட, ஊதுகுழலைக் கைவிட்டு, குழுவை இயக்கும் இடத்துக்கு நகர்ந்தார். வெனிஸ் கால்வாய்களின் மேலும், ஜெருசலேமின் தாவீது கோபுர வளாகத்திலும், லண்டன் கியூ தோட்டத்திலும், சிங்கப்பூரின் கடற்கரைப் பூந்தோட்டத்திலும் அவருடைய நிறக்கொடிகள் படர்ந்தன. அருங்காட்சியகப் படியேறாத லட்சக்கணக்கானோரைக் கண்ணாடியின் முன் நிறுத்தியவர் அவர். அதற்கான நன்றி அவருக்கு உரியது. ஆனாலும் அந்தக் காட்சிகளில் அளவும் நிறமும் முதலில் வந்து அறைந்துவிடுகின்றன. அருகில் நின்று ஒரு துண்டை நிதானமாகப் பார்க்க இடமே தருவதில்லை. அவரைப் பின்பற்றிய பல கண்காட்சிகள் இன்னும் மோசம்.

வேறு வழிகளும் உண்டு. டிளிங்கிட் பழங்குடியைச் சேர்ந்த பிரஸ்டன் சிங்கிள்ட்ரி, மரத்திலும் தோலிலும் வழங்கிவந்த தம் மக்களின் வடிவங்களை ஊதிய கண்ணாடியில் மணல் வீச்சால் செதுக்குபவர். 2018-இல் டகோமா கண்ணாடி அருங்காட்சியகத்தில் திறந்த அவருடைய கண்காட்சி, உலகுக்கு ஒளியைத் திருடிக்கொண்டுவந்த அண்டங்காக்கையின் கதையைச் சொல்லியது. பார்வையாளர்கள் இருளில் நுழைந்து, கதை நகர நகர வெளிச்சத்துக்கு வந்தார்கள். ஒலியும் உண்டு, திரையொளியும் உண்டு. எதுவும் கதைக்கு வெளியே இல்லை. வெனிஸ் கண்ணாடியின் பளபளப்புக்கு எதிராகவும் ஒரு கேள்வி எழுந்தது: 2003-இல் வெனிஸ் பியன்னாலே கலைக் கண்காட்சியின் அமெரிக்க அரங்கில் ஃப்ரெட் வில்சன் முரானோ சரவிளக்கு ஒன்றை முழுக்கக் கறுப்பில் செய்வித்துத் தொங்கவிட்டார். வெனிஸ் ஓவியங்களின் ஓரங்களில் பணியாளர்களாக நிற்கும் ஆப்பிரிக்கர்களை, அந்நகரம் பெருமைப்படும் பொருளைக் கொண்டே நடுக்கூடத்துக்கு அழைத்துவந்தார்.

கண்காட்சி நடத்துவதன் சிரமங்களைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஷாங்காய் கண்ணாடி அருங்காட்சியகத்தில் ஷெல்லி ஷுவே என்ற கலைஞர் தன் மகளுக்காகச் செய்த தேவதைச் சிறகுகளை, பெரியவர்கள் கைபேசியில் படமெடுத்துக்கொண்டிருக்க, இரு சிறுவர்கள் இழுத்து உடைத்துவிட்டார்கள். அவர் அதைச் சரிசெய்யவில்லை; ‘உடைந்தது’ என்று பெயர் மாற்றி அப்படியே வைக்கச் சொன்னார். பணம் இன்னொரு சிரமம். உலை இரவும் பகலும் எரிந்தாக வேண்டும். இங்கிலாந்தில் ஏழாம் நூற்றாண்டிலேயே கண்ணாடி செய்த ஊர் சண்டர்லாந்து. அங்கே 1998-இல் திறந்த தேசியக் கண்ணாடி மையத்தை, கட்டடப் பழுதுச் செலவைக் காட்டி மூடப்போவதாக அதை நடத்திய பல்கலைக்கழகம் 2023-இல் அறிவித்தது. பட்டறையும் காட்சிக்கூடமும் ஒரே கூரையின் கீழ் இருந்த அத்தகைய இடம் போனால், ஒரு கட்டடத்தோடு கற்றலின் ஒரு வழியும் போகிறது.

இன்னொரு குறை, பணமில்லாமலே தீர்க்கக்கூடியது. முரானோவின் உலைகளில் சிறுவயதிலிருந்து வேலை செய்து ஆசானான லினோ தலியாபியேத்ரா 1979-இல் பில்சக்குக்கு வந்து, தீவு பல நூற்றாண்டு மறைத்துக்காத்த நுட்பங்களைக் கற்பித்தார். ஊரில் அதற்காகப் பழிச்சொல்லும் கேட்டார். அவர் பின்னர் பெரும் கலைஞராகப் பெயர் பெற்றார். அவரைப் போன்ற எத்தனையோ கைகள் பெயரின்றியே இருக்கின்றன. கண்ணாடியைத் தொட்டறியாத புகழ்பெற்ற கலைஞர்கள் வரைந்து அனுப்ப, முரானோ ஆசான்கள் ஊதித்தரும் படைப்புகள் இன்று பெருகிவிட்டன. அவற்றின் கீழே பெரும்பாலும் ஒரே ஒரு பெயர்தான் இருக்கும். திரைப்படம் ஒளிப்பதிவாளரையும் தச்சரையும் பெயர் சொல்லி நன்றி செலுத்துகிறது. கண்ணாடிக் காட்சிக்கூடங்களும் அதைச் செய்யட்டும்: ஊதியவர், வார்த்தவர், அரைத்து மெருகிட்டவர் ஆகியோரின் பெயர்களைக் கலைஞரின் பெயருக்குக் கீழே அச்சிடுங்கள். பெயர்ப்பலகையில் அவை இல்லையென்றால், பார்க்கப் போகிறவர்கள் அங்குள்ள காப்பாட்சியரிடம் கேளுங்கள்.