கைமாற்றிக் கொடுத்த வித்தை

ஐஸ் ஹாக்கியில் ஆட்டம் எப்போது நின்றாலும் மறுபடி தொடங்குவது ஒரு ‘ஃபேஸ்-ஆஃப்’பில்தான். இரண்டு அணியிலிருந்தும் ஒவ்வொருவர், சேவற்கட்டில் இறக்கிவிட்ட சேவல்களைப் போலத் தலை தாழ்த்தி எதிரெதிரே நிற்பார்கள். நடுவே நடுவர் ‘பக்’கைக் கீழே போடுவார். மூன்று அங்குல விட்டம், ஒரு அங்குலத் தடிமன், ஆறு அவுன்ஸ் எடை கொண்ட கெட்டி ரப்பர் வட்டு அது. துள்ளாமல் வழுக்கிப் போக வேண்டும் என்பதற்காக ஆட்டத்துக்கு முன்பே உறைய வைத்திருப்பார்கள். அது பனியைத் தொடும்போது யாருடைய மட்டை முந்துகிறதோ, அவருடைய அணி கையில் ஆட்டம். எல்லாம் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். கோலுக்காகக் காத்திருக்கும் கண்கள் அதைக் கவனிப்பதே இல்லை.

அந்த ஒரு நொடியைக் கவனிக்க எனக்குக் கற்றுத்தந்த ஆட்டக்காரர் ராட் பிரிண்டமோர்.

அவர் நிற்கும் விதத்தையே தனியாக ரசிக்கலாம். கால்களை அகட்டி, இடுப்பை நன்றாக இறக்கி, மட்டையின் அடிப்பகுதியை இறுகப் பிடித்திருப்பார். பார்வை எதிராளியின் முகத்தில் இருக்காது. நடுவரின் கையில் இருக்கும். அந்தக் கை அசைந்ததும் தோளும் முதுகும் தொடையும் சேர்ந்து ஒரே இழுப்பு. பக் அவருக்குப் பின்னால் நிற்கும் சக வீரரிடம் போய்ச் சேர்ந்திருக்கும். மணிக்கட்டின் வேகம் மட்டும் போதாத இடத்தில் உடம்பின் பலத்தைச் சேர்ப்பார். முதல் தட்டு பலிக்காவிட்டால் எதிராளியின் மட்டையை மடக்கி, காலால் பக்கைத் தள்ளிவிடுவார். 2005-06 சீசனில் பத்து ஃபேஸ்-ஆஃப்களில் ஏறத்தாழ ஆறை அவர் வென்றார். இரு தரப்பிலும் தேர்ந்தவர்களே மோதும் இந்த வேலையில், பாதிக்கு மேல் வெல்கிறவரையே கெட்டிக்காரர் என்பார்கள்.

1970-இல் ஒட்டாவாவில் பிறந்து, கனடாவின் மேற்குக் கரையில் கேம்ப்பெல் ரிவர் என்ற ஊரில் வளர்ந்தவர். மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஆடிய நாள்களில், ஆட்டம் முடிந்த கையோடு எடைப்பயிற்சிக் கூடத்துக்குப் போகிறவர் என்று பெயர் எடுத்தார். அந்தப் பழக்கத்தின் பலன் பிலடெல்பியாவில் தெரிந்தது. அந்த ஊரின் ஃப்ளையர்ஸ் அணிக்காக 1993 முதல் 1999 வரை, ஒன்றுகூடத் தவறாமல் 484 ஆட்டங்கள் தொடர்ந்து ஆடினார். களத்தைச் சுற்றியுள்ள பலகையில் மோதி எலும்பு முறிவதும் பற்கள் போவதும் சாதாரணமான விளையாட்டில் இது சின்ன விஷயம் இல்லை.

2000 ஜனவரியில் ஃப்ளையர்ஸ் அவரைக் கரோலினா ஹரிக்கேன்ஸ் அணிக்கு மாற்றிவிட்டது. ஹார்ட்ஃபர்டிலிருந்து வட கரோலினாவுக்கு இடம்பெயர்ந்து மூன்றாண்டுகூட ஆகாத அணி அது. கல்லூரிக் கூடைப்பந்தே உயிராக இருந்த மண்ணில் ஐஸ் ஹாக்கி வேர் பிடிக்க வேண்டியிருந்தது. அந்த வேரை ஊன்றியவர்களில் முதல் வரிசையில் இருப்பவர் பிரிண்டமோர்.

வட அமெரிக்க ஐஸ் ஹாக்கியின் உச்சப் பரிசான ஸ்டான்லி கோப்பைக்கு 2006-இல் நடந்த இறுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தில் அவருடைய கலை முழுவதும் ஒரே காட்சியில் தெரிந்தது. எட்மன்டன் 3-0 என்று முன்னிலை பெற்றிருந்தது. கரோலினா ஒவ்வொன்றாகத் திருப்பி அடித்து முந்தியது; எட்மன்டன் சமன் செய்ய, 4-4 என்ற நிலை. முடிய அரை நிமிடமே பாக்கி. எட்மன்டனின் மாற்று கோல்கீப்பர் டை காங்க்லின், பக்கை எடுக்க வலைக்குப் பின்னால் போனார். அவர் தள்ளிவிட்டது சக வீரரின் மட்டையில் சரியாகச் சேராமல் வலைக்கு முன்னால் வந்து விழுந்தது. அங்கே பிரிண்டமோர் இருந்தார். காலியாகக் கிடந்த வலைக்குள் பக்கைச் செலுத்தினார். 5-4. அதிர்ஷ்டம் என்று சொல்லிவிடலாம். ஆனால் கடைசி அரை நிமிடத்தில், களைத்துப்போன கால்களோடு, பலன் இருக்குமா என்று தெரியாமலே எதிராளியின் வலைவரை விரட்டிக்கொண்டு போகிறவருக்குத்தான் அந்த அதிர்ஷ்டம் கிடைக்கும். இப்படி எதிராளியை அவன் எல்லைக்குள்ளேயே நெருக்குவதற்கு ‘ஃபோர்செக்’ என்று பெயர். கைதட்டல் அதிகம் வாங்காத, நெஞ்சு வெடிக்க வைக்கும் வேலை.

ஏழாவது ஆட்டத்தில் கரோலினா கோப்பையை வென்றது. அணித்தலைவரான பிரிண்டமோர், லீக் தலைவர் சம்பிரதாயத்தை முடிக்கும்வரைகூடப் பொறுக்காமல் கோப்பையைப் பற்றித் தூக்கினார். தற்காப்பில் சிறந்த முன்கள வீரருக்கான செல்கி விருது 2006, 2007 இரண்டு ஆண்டுகளிலும் அவருக்கே வந்தது. 2010-இல் ஓய்வு பெறும்போது 1,484 ஆட்டங்கள், 452 கோல்கள்.

பெரிய ஆட்டக்காரர்கள் எல்லோரும் பெரிய பயிற்சியாளர்கள் ஆவதில்லை. இந்த விளையாட்டின் தலைசிறந்த மேதையாக எல்லோரும் ஏற்கும் வெய்ன் கிரெட்ஸ்கி நான்கு சீசன்கள் பீனிக்ஸ் அணிக்குப் பயிற்சியளித்தார். ஒருமுறைகூட அந்த அணி, கோப்பைக்கான பிளேஆஃப் சுற்றுக்குப் போகவில்லை. பக் அடுத்து எங்கே வரும் என்பதை உணரும் அவருடைய கண்ணை இன்னொருவருக்கு எப்படிக் கொடுப்பது? பிரிண்டமோரின் வித்தை வேறு வகை. இடுப்பை இறக்கி நிற்பது, பக்கை இழந்ததும் திரும்பி ஓடுவது, தன் ஆளை விடாமல் பிடித்துக்கொள்வது எல்லாம் உழைப்பால் வந்தவை. உழைப்பால் வந்ததைச் சொல்லித்தர முடியும். அவருடைய இரண்டாவது வாழ்க்கை அதற்குச் சாட்சி.

ஏழு ஆண்டுகள் துணைப் பயிற்சியாளராக இருந்து, 2018-இல் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். அப்போது கரோலினா தொடர்ந்து ஒன்பது சீசன்கள் பிளேஆஃப் காணாத அணி. அவருடைய முதல் சீசனிலேயே அது நடப்புச் சாம்பியன் வாஷிங்டனை ஏழாவது ஆட்டத்தின் இரண்டாவது கூடுதல் நேரத்தில் வென்று வெளியேற்றியது. அந்த வெற்றிக் கோலுக்குப் பக்கை வலை நோக்கி அனுப்பியவர் ஜஸ்டின் வில்லியம்ஸ். 2006-இல் பிரிண்டமோருடன் சேர்ந்து கோப்பை வென்ற தோழர், அப்போது அவருடைய அணித்தலைவர்.

அந்த அணியின் ஆட்டத்தில் பழைய பிரிண்டமோர் ஐந்து பேராகப் பிரிந்து ஓடுவதைப் பார்க்கலாம். பக் எதிராளியிடம் போனதும் பின்வாங்கிக் காத்திருப்பதில்லை. முதல் ஆள் பாய்வார், இரண்டாம் ஆள் வழியை அடைப்பார், தடுப்பாட்டக்காரர் எதிராளியின் பகுதியைப் பிரிக்கும் நீலக்கோட்டிலேயே நின்று மறிப்பார். தங்கள் பகுதியில் ஆளுக்கு ஆள் ஒட்டிக்கொள்வார்கள். இந்த முறையில் ஒருவர் அசந்தாலும் ஓட்டை விழும். அதனால் நட்சத்திரமும் நான்காம் வரிசை வீரரும் ஒரே அளவு ஓடியாக வேண்டும். ஒவ்வொருவரும் முக்கால் நிமிடம்போல ஆடிவிட்டு மாறுகிற விளையாட்டில், அந்த முக்கால் நிமிடத்தையும் முழுதாகச் செலவழிப்பதுதான் இவர்கள் பாணி.

2020 பிப்ரவரியில் டொராண்டோவில் அவர்களுடைய இரண்டு கோல்கீப்பர்களும் காயத்தால் வெளியேறினார்கள். அவசரத்துக்கு என்று அரங்கில் வைத்திருந்த 42 வயது டேவிட் ஏர்ஸ் வலைக்குள் இறங்கினார். சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவர், தொழில்முறை ஆட்டக்காரர் அல்ல. முதல் இரண்டு அடிகளும் கோலாயின. அதன் பிறகு எட்டே அடிகள்தான் அவரை எட்டின, எட்டையும் தடுத்தார். கரோலினா 6-3 என்று வென்றது. உலகம் ஏர்ஸைக் கொண்டாடியது, அது நியாயம்தான். அவருக்கு முன்னால் பக்கை அண்டவிடாமல் ஓடிய மற்றவர்களையும் நான் அதே அளவு ரசிக்கிறேன்.

2021-இல் சிறந்த பயிற்சியாளருக்கான ஜாக் ஆடம்ஸ் விருது பிரிண்டமோருக்குக் கிடைத்தது. 2019, 2023, 2025 ஆகிய மூன்று ஆண்டுகளில் அணி, கோப்பை இறுதிக்கு முந்தைய கட்டமான கான்ஃபரன்ஸ் இறுதிவரை போய்த் தோற்றது. கோப்பையை மட்டும் கணக்கில் வைப்பவருக்கு இது குறையாகப் படலாம். எனக்கு அப்படிப் படவில்லை. தன் உடம்பில் மட்டும் இருந்த ஒரு பண்பை ஓர் அணியின் குணமாக மாற்றுவதும், ஆட்கள் மாறிய பிறகும் அந்தக் குணம் மாறாமல் வைத்திருப்பதும் கோப்பைக்குச் சளைத்த சாதனை இல்லை. அவருடைய அணி ஆடும் ஆட்டம் ஒன்று கிடைத்தால், கோல்களை விட்டுவிட்டு, பக்கை இழந்த அடுத்த பத்து நொடிகளில் அந்த ஐந்து பேரும் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். அவர் யார் என்பதை அதுவே சொல்லிவிடும்.