கொட்டும் கையும் கட்டும் கையும்: தாளக் கலைஞரைப் பற்றிய மூன்று திரைப்படங்கள்

செங்கடலைக் கடந்து கரையேறிய மக்களின் விடுதலைக் கொண்டாட்டத்தில் மிரியாமின் கையில் இருந்தது ஒரு தாளக் கருவி. யாத்திராகமம் 15ஆம் அதிகாரத்தில் நமது தமிழ் வேதாகமம் அதனைத் ‘தம்புரு’ எனப் பெயர்க்கிறது. இச்சொல்லைக் கேட்டவுடன் நம்மில் பலருக்குக் கச்சேரி மேடையில் சுருதி கூட்டும் தந்திக் கருவியே நினைவுக்கு வருகிறது. ஆனால் எபிரெய மூலத்தில் உள்ள ‘தோஃப்’ என்பது வளையத்தில் தோலைப் போர்த்திக் கையால் தட்டும் பறை வகையைச் சேர்ந்தது. 150ஆம் சங்கீதத்திலும் அதுவே இடம்பெறுகிறது. ஆக, திருமறையின் தோற்கருவி நம் செவிக்கு வந்து சேர்வதற்குள் தந்திக் கருவியாக மாறிவிடுகிறது. இம்மாற்றம் தற்செயலானதாக இருக்கலாம். ஆயினும் நமது சபைகளின் மனப்பாங்கினை அது நன்கு விளக்குகிறது எனலாம்.

தாளத்தைப் பற்றித் திருமறை ஒரே குரலில் பேசவில்லை என்பதையும் நாம் மறத்தலாகாது. நியாயம் இல்லாத இடத்தில் எழும் பாடல்களின் இரைச்சலை ஆண்டவர் வெறுக்கிறார் என்கிறான் ஆமோஸ். அன்பில்லாதவனைப் பவுல் ஓசையிடும் கைத்தாளத்திற்கு ஒப்பிடுகிறார். இவ்விரு குரல்களையும் மனத்திற் கொண்டு, தாளக் கலைஞரை நடுநாயகமாக வைத்து அண்மைக் காலத்தில் வெளிவந்த மூன்று திரைப்படங்களை இக்கட்டுரையில் ஆராய விழைகிறோம். இரண்டு அமெரிக்கப் படங்கள், ஒன்று தமிழ்ப்படம். திரைப்படம் ஊழியக்காரருக்கு ஆகாதது என்று கருதிய தலைமுறை நம்மிடையே இருந்தது. அவர்களுடைய அச்சத்தை நாம் எள்ளி நகையாடவில்லை. எனினும் நம் சபையோர் காணும் படங்களைக் காணாமலே அவர்களுக்குப் பிரசங்கிப்பது எளிதன்று.

1. குருவின் கோபம்

டேமியன் ஷசெல் இயக்கிய ‘விப்லாஷ்’ 2014இல் வெளிவந்தது. நியூயார்க்கில் உள்ளதாகக் கற்பனை செய்யப்பட்ட ஓர் இசைக்கல்லூரியில் ஆண்ட்ரூ நெய்மன் என்னும் இளைஞன் ஜாஸ் டிரம் பயில்கிறான். அவனுடைய ஆசிரியர் டெரன்ஸ் ஃப்ளெட்சர், மாணவரை இழிசொல்லால் வதைப்பவர். தாளம் முந்துகிறதா, பிந்துகிறதா என்று கேட்டுக் கேட்டே அவனைக் கன்னத்தில் அறைகிறார். நாற்காலியைத் தூக்கி எறிகிறார். மாணவனோ விரல்களிலிருந்து குருதி வழியும் வரை பயில்கிறான். பனிக்கட்டி நீரில் கையை அமிழ்த்தி மீண்டும் அமர்கிறான். ஃப்ளெட்சராக நடித்த ஜே. கே. சிம்மன்ஸ் சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கார் பரிசைப் பெற்றார். படத்தொகுப்புக்கும் ஒலிக்கலவைக்கும் அதே பரிசுகள் கிடைத்தன. தாளத்தை வெட்டி ஒட்டிய காட்சிகளின் வேகம் அப்பரிசுகளுக்கு முற்றிலும் தகுதியானதே.

நம் கவனத்திற்குரியது ஃப்ளெட்சரின் போதனை. ஜோ ஜோன்ஸ் என்னும் டிரம் மேதை இளைஞரான சார்லி பார்க்கரின் தலையைக் குறிவைத்துக் கைத்தாளத் தட்டை எறிந்தாராம். அந்த அவமானமே பார்க்கரை மாமேதையாக்கிற்றாம். வரலாறு சொல்வது வேறு. 1936இல் கான்சாஸ் நகரின் ரினோ கிளப்பில் ஜோன்ஸ் எறிந்த தட்டு விழுந்தது பார்க்கரின் காலருகே, தரையில். போதும், நிறுத்து என்னும் குறிப்பே அது, கொலைவெறியன்று. ஃப்ளெட்சர் தம் கொடுமைக்கு ஒரு வேதவாக்கியம் தேடி, மூலத்தைத் திரித்து மேற்கோள் காட்டுகிறார். பிரசங்க மேடையில் நிற்போர் இச்சோதனையை அறிவர்.

படத்தின் இறுதியில் ஆண்ட்ரூ ஒரு நீண்ட தனி ஆவர்த்தனத்தை வாசிக்கிறான். குருவும் சீடனும் கண்ணோடு கண் நோக்கி முறுவலிக்கின்றனர். அரங்கில் அமர்ந்திருக்கும் நாமும் மெய்ம்மறக்கிறோம். இங்குதான் படத்தின் வலிமையும் ஆபத்தும் ஒருங்கே நிற்கின்றன. ஃப்ளெட்சரின் முன்னாள் மாணவர் ஒருவர் தூக்கிட்டு மாண்டார் என்பதையும், அதனை அவர் சாலை விபத்து என்று மறைத்தார் என்பதையும் படமே நமக்கு முன்னர்ச் சொல்லியிருக்கிறது. இசை எழும்பியவுடன் அதனை நாம் மறந்துவிடுகிறோம். நம்மை மறக்கச் செய்து, அம்மறதியை நமக்கே காட்டுவது இயக்குநரின் நோக்கமெனின், இது ஆழ்ந்த படம். வெற்றியைக் கொண்டாடுவதே நோக்கமெனின், இது ஆபத்தான படம். இரண்டில் எது என்பதைப் படம் தெளிவாக்கவில்லை. நாம் முன்னதன் பக்கமே சாய்கிறோம். ஏனெனில், மேடையின் ஓரத்துக் கதவிடுக்கில் நின்று மகனைப் பார்க்கும் தந்தையின் முகத்தைக் காமிரா நமக்குக் காட்டத் தவறவில்லை. அம்முகத்தில் பெருமிதம் இல்லை. இழப்பின் திகைப்பே உள்ளது.

2. அமைதியின் இல்லம்

டேரியஸ் மார்டர் இயக்கி 2019இல் முதன்முதலாகத் திரையிடப்பட்ட ‘சவுண்ட் ஆஃப் மெட்டல்’ இதற்கு நேர் எதிரான திசையில் செல்கிறது. ரூபன் ஸ்டோன் பேரொலி எழுப்பும் இசைக்குழுவில் டிரம் வாசிப்பவன். போதைப் பழக்கத்திலிருந்து மீண்டு நான்கு ஆண்டுகள் ஆனவன். திடீரென அவனது செவிப்புலன் அழிகிறது. செவிப்புலன் இழந்தோர் கூடி வாழும் ஓர் இல்லத்தில் அவன் சேர்க்கப்படுகிறான். அதன் தலைவர் ஜோ, வியட்நாம் போரில் செவியை இழந்தவர். குடியால் குடும்பத்தையும் இழந்தவர். அப்பாத்திரத்தில் நடித்த பால் ரேசி, செவிப்புலனற்ற பெற்றோருக்குப் பிறந்து சைகைமொழியில் வளர்ந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது.

ரூபனுக்கு ஜோ விதிக்கும் பயிற்சி ஒன்றே: நாள்தோறும் விடியற்காலையில் ஓர் அறையில் தனித்து அமர்ந்திருக்க வேண்டும், அமர இயலாவிடில் மனத்தில் தோன்றுவதை எழுத வேண்டும், அமைதியாக அமர இயலும் வரை எழுத வேண்டும். ஓயாது கொட்டிய கைகளுக்கு இது சித்திரவதையாகிறது. முதல் நாள் அவன் மேசையில் வைத்த தின்பண்டத்தைக் கையால் குத்தி நசுக்குகிறான். நாளடைவில் அவன் இளகுகிறான். விளையாட்டுத் திடலில் உள்ள உலோகச் சறுக்குப் பலகையில் அவன் தாளம் தட்ட, அதன்மேல் சாய்ந்திருக்கும் சிறுவன் அவ்வதிர்வைத் தன் உடலால் கேட்கிறான். பதிலுக்குத் தானும் தட்டுகிறான். இம்மூன்று படங்களிலும் தாளத்தின் உட்பொருளை இதைவிட எளிமையாகக் காட்டிய காட்சி வேறில்லை. தாளம் செவிக்கு மட்டும் உரியதன்று. இரு உடல்கள் ஒன்றையொன்று அறிந்துகொள்ளும் வழியும் அதுவே.

எனினும் ரூபன் தன் கருவிகளையும் வாகன வீட்டையும் விற்று, செவிக்குள் கருவி பொருத்தும் அறுவைச் சிகிச்சையைச் செய்துகொள்கிறான். இவ்வில்லத்தில் செவியின்மை குணமாக்கப்பட வேண்டிய குறையன்று என்பது அடிப்படை நம்பிக்கை. ஆகவே ஜோ கண்ணீரோடு அவனை வெளியேறச் சொல்கிறார். அதற்கு முன் அவர் ஒன்று கேட்கிறார்: அந்த விடியற்காலைகளில் ஒரு கணமேனும் அமைதியை நீ அறிந்தாயா? அவ்வமைதியே இறைவனின் அரசு என்றும், அது ஒருபோதும் கைவிடாது என்றும் உரைக்கிறார். எலியா கேட்ட மெல்லிய குரலை அறிந்தவர் எவரும் இக்காட்சியை எளிதில் மறக்கமாட்டார்.

ஆனால் ஜோவையும் நாம் வினவவேண்டும். கைவிடாத அரசைப் பற்றிச் சொல்லும் அதே வாயால் அவனை வெளியேற்றுகிறாரே! ஒரு சமூகம் தன் உண்மையைக் காப்பதற்காகப் பலவீனனை அனுப்பிவிடுவது நியாயமா? பிறரது நம்பிக்கை குலையாதிருக்க அவ்வாறு செய்தார் என்பது ஜோவின் வாதம். சபை ஒழுங்கு பற்றிய நம் விவாதங்களில் இவ்வாதத்தை நாமும் பலமுறை கையாண்டிருக்கிறோம். படம் தீர்ப்புக் கூறாமல் இருவருடைய துயரையும் நம்முன் வைக்கிறது. முடிவில் பாரிஸ் நகரத் தெருவில் ஆலயமணி ஒலிக்கிறது. பொருத்திய கருவியின் வழியே அது கரகரத்த உலோக இரைச்சலாகக் கேட்கிறது. ரூபன் கருவியைக் கழற்றுகிறான். அமைதி. மணியோசை மறைந்த பின்னரே அவன் முகத்தில் வழிபாட்டின் சாயல் தோன்றுகிறது.

3. தோலும் தூய்மையும்

மூன்றாவதாக, ராஜீவ் மேனன் இயக்கி, 2019 பிப்ரவரியில் தமிழகத்தில் வெளியான ‘சர்வம் தாளமயம்’. கலைநயத்தில் முன்னைய இரண்டிற்கும் இது ஈடாகாது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறோம். ஆனால் நமக்கு இதுவே நெருங்கிய படம். இதன் நாயகன் பீட்டர். தந்தை ஜான்சன், மிருதங்கம் செய்பவர். தலித் கிறிஸ்தவக் குடும்பம். தந்தை செய்த மிருதங்கத்தை வேம்பு ஐயர் என்னும் வித்துவான் வாசிக்கக் கேட்டு, தானும் அதனைப் பயில வேண்டுமென மகன் துடிக்கிறான். சாதி குறுக்கே நிற்கிறது. மூத்த சீடர் ஒருவர் வழிமறிக்கிறார். ஜி. வி. பிரகாஷ்குமார் பீட்டராகவும், மறைந்த நெடுமுடி வேணு வேம்பு ஐயராகவும் நடித்துள்ளனர்.

இக்கதையின் வேர் கற்பனையன்று. பலா மரத்தைக் குடைந்து, பசு, ஆடு, எருமை ஆகியவற்றின் தோல்களைப் பதப்படுத்தி, கிட்டான் கல்லின் பொடியைச் சோற்றோடு சேர்த்துப் பிசைந்து வலந்தலையின் கரணையை இட்டு, வார் பிடித்துச் சுருதி சேர்க்கும் கைகளில் மிகப் பல, தலித் கிறிஸ்தவரின் கைகள். டி. எம். கிருஷ்ணா அவர்களின் வாழ்க்கையை ஆராய்ந்து எழுதி 2020இல் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே செபஸ்தியான் என்னும் பெயர் உள்ளது. தஞ்சையில் வேரூன்றிய அக்குடும்பத்தின் கைத்திறனின்றி மிருதங்கத்தின் இன்றைய நாதத்தை எண்ணிப் பார்க்க இயலாது. தோலைத் தொட்டவன் தீட்டுடையவன். அத்தோலைத் தட்டியவன் வித்துவான். இம்முரண்பாட்டைத் திரையில் கொண்டுவந்ததற்காக ராஜீவ் மேனனை நாம் மனமாரப் பாராட்டுகிறோம்.

ஆயினும் படம் தந்த விடை நம்மை நிறைவு செய்யவில்லை. பீட்டர் குருவால் வெளியேற்றப்பட்டு, நாடெங்கும் அலைந்து பல்வகைத் தாளங்களைக் கற்று மீள்கிறான். அப்பயணக் காட்சிகள் அழகியவை. மக்களின் தாளம் கடல்போல் விரிந்தது என்பதை அவை உணர்த்துகின்றன. ஆனால் அக்கடல் முழுவதும் கடைசியில் ஒரு தொலைக்காட்சிப் போட்டியின் வெற்றிக் கோப்பைக்குள் அடங்கிவிடுகிறது. திறமையுள்ள ஒருவனை மேடையில் ஏற்றிவிட்டால் நீதி நிறைவேறிவிட்டது என்று கதை ஆறுதல் கொள்கிறது. பட்டறையில் அமர்ந்து தோலைச் சீவும் ஜான்சனின் நிலையில் மாற்றம் என்ன? கொட்டும் கைக்குக் கிடைத்த மதிப்பு கட்டும் கைக்குக் கிடைத்ததா? இக்கேள்வியைப் படம் எழுப்பிவிட்டு, விடை கூறாமல் அகல்கிறது.

4. ஆலய வாசலில்

மற்றொரு குறையும் உண்டு; அது படத்தைவிட நம்மையே சுடுவது. பீட்டர், ஜான்சன் என்னும் பெயர்களை அளித்த சபை அவர்களுக்கு வேறென்ன அளித்தது? இதனைப் படம் ஆழ்ந்து ஆராயவில்லை, நாமும் ஆராய்ந்ததில்லை. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் காலந்தொட்டுக் கருநாடக இசையின் இராக தாளங்களை நம் வழிபாட்டில் ஏற்றுள்ளோம். அது நற்கொடையே. ஆனால் மிருதங்கம் நுழைந்த ஆலயத்தில் பறை எளிதில் நுழையவில்லை. நம்மில் பலர் கண்டிருக்கக்கூடிய காட்சி ஒன்று: பண்டிகை ஊர்வலத்தின் முன்னே பறையடித்து வருவர், சிலுவையும் அங்கியணிந்த குருமாரும் பின்னே வருவர், ஆலய வாசலை எட்டியவுடன் பறை நின்றுவிடும், அடித்தவர்கள் வெளியே மரநிழலில் அமர்ந்து, கூலிக்காகக் காத்திருப்பர். உள்ளே ஆர்மோனியம் தொடங்கும்.

இதற்கு எதிராகச் செயற்பட்டோர் நம்மிடையே உண்டு. மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ‘பறட்டை அண்ணன்’ என்று அன்போடு அழைக்கப்பட்ட தியோபிலஸ் அப்பாவு நாட்டுப்புற இசையை வழிபாட்டின் நடுவே கொணர்ந்தார். சத்தியநாதன் கிளார்க் 1998இல் வெளியிட்ட தம் நூலில், பறையினைக் கிறிஸ்துவை அறிவதற்குரிய குறியீடாகவே விளக்கினார்.

இங்கு ஒரு நியாயமான மறுப்பும் உண்டு. பறையடித்தல் கட்டாய ஊழியமாக, சாவு வீட்டின் இழிதொழிலாகச் சுமத்தப்பட்டது. அதனைக் கைவிட்டதே எங்கள் விடுதலை என்பார் பலர். அவர்களுடைய வடுக்களை அறியாமல், பறையை மீட்டெடுங்கள் என்று நாம் மேடையிலிருந்து அறிவுறுத்தலாகாது. எடுப்பதும் விடுப்பதும் அடித்தவரின் உரிமை. வாசலில் நிறுத்தாதிருப்பதே சபையின் கடமை.

மூன்று படங்களையும் ஒருங்கே வைத்து நோக்குகையில், கலைப்படைப்பு என்ற வகையில் முதலிடத்தை ‘சவுண்ட் ஆஃப் மெட்டல்’ படத்திற்கே அளிப்போம். ஆசிரியராகவும் ஆயராகவும் பணியேற்க இருப்போர் ‘விப்லாஷ்’ படத்தைத் தம்மை நிறுத்துப் பார்க்கும் துலாக்கோலாகக் காணவேண்டும். நமது குருத்துவப் பயிற்சியிலும் ஃப்ளெட்சர்கள் இல்லாமற் போகவில்லை. ‘சர்வம் தாளமயம்’ படத்தையோ சபையாரோடு சேர்ந்து பார்த்து, முடிந்தபின் விளக்கை ஏற்றி உரையாட வேண்டும். அவ்வுரையாடலில், தோல் பதனிடும் தொழிலிலிருந்து வந்த மூத்தவர் ஒருவரேனும் முதலில் பேசட்டும். ஆயர் இறுதியில் பேசட்டும். மிரியாம் கையிலெடுத்தது தோற்கருவியே என்பதை அவ்வேளையில் அவர் சொல்லலாம்.