படத்தில் நின்ற கல்

சென்னை இராசதானியின் அரசாங்க ஒளிப்படக்காரராக 1857-இல் பணி தொடங்கிய கேப்டன் லின்னேயஸ் டிரைப் என்பாரின் படங்களைக் காண்போர் பெரும்பாலும் வியப்போடு நின்றுவிடுகின்றனர். வியப்பு மதிப்பீடாகாது. அவர் செய்தது எது, செய்யாமல் விட்டது எது என்று நிறுத்துப் பார்ப்பதே திறனாய்வின் கடமை. நம் சமுதாயத்துக்கு அந்தக் கணக்கு இன்று மிகவும் தேவைப்படுகிறது.

படம் என்றதுமே, 'மார்க்கத்தில் கூடுமா?' என்னும் வினா சிலர் உள்ளத்தில் எழக்கூடும். மரங்களையும் உயிரற்ற பொருள்களையும் வரையலாம் என்பது இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் காட்டிய வழி. எகிப்தின் முஃப்தியாக விளங்கிய ஷைகு முஹம்மது பகீத் அல்முத்தீஈ அவர்களோ, ஒளிப்படம் ஆகுமானதே என நிறுவத் தனி நூலொன்றே யாத்தார்கள். உயிருள்ளவற்றின் படம் பற்றி உலமாக்களிடையே உள்ள கருத்து வேறுபாட்டை நாம் இங்கு கிளறவில்லை. பாலத்தையும் பள்ளிவாசலையும் படமெடுக்க அந்த விவாதம் தேவையே இல்லை.

டிரைப் 1822-இல் இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் பிறந்தவர். கும்பெனியாரின் சென்னைப் படையில் அலுவலர். 1857 டிசம்பர் முதல் சில மாத காலம், இராயக்கோட்டை, திருவரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை என ஊர் ஊராகச் சென்று படமெடுத்தார். மெழுகூட்டிய காகிதத்தில் மருந்து பூசி, ஒளியை நெடுநேரம் அதில் விழச்செய்யும் முறை அவருடையது. கோடையின் வெப்பத்தில் அம்முறைக்கு எத்தனை பொறுமை வேண்டியிருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தல் தகும்.

அவருடைய பணியில் தலையாயது தஞ்சைப் பெருவுடையார் கோயிலின் அடித்தளக் கல்வெட்டைப் படமாக்கியதே என்பது நம் துணிபு. கருவியைச் சுவரோரம் சிறிது சிறிதாக நகர்த்தி எடுத்த 21 படங்களை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக ஆக்கினார். அங்கே அவர் அழகைத் தேடவில்லை, எழுத்தைத் தேடினார். தஞ்சைக்கு வர இயலாத அறிஞனும் அந்த எழுத்தைப் படிக்க வழி செய்தார். மதுரையில் வையையின் குறுக்கே கிடந்த தரைப்பாலத்தையும் அவர் படமாக்கியுள்ளார். 1889-இல் ஏ.வி. பாலம் எழுவதற்கு முன் மக்கள் ஆற்றைக் கடந்த வழி எப்படியிருந்தது என்பதற்கு அப்படம் கண்கண்ட சாட்சி.

இனிக் குறை. அவர் படங்களில் பெரும்பாலானவை ஆளற்றவை. ஊர் துறந்து போன மக்கள் விட்டுச் சென்ற மண்டபங்கள்போல் அவை தோன்றுகின்றன. அசையும் மனிதனை அக்காலக் காகிதத்தால் பிடிக்க இயலவில்லை என்று சமாதானம் சொல்லலாம், ஏற்கிறோம். ஆனால் படத்தில் நிற்காத மனிதனை எழுத்தில் நிறுத்தியிருக்கலாமே! கட்டடத்தைப் பேணியவர் யார், அதில் புழங்கியவர் யார் என்பதற்கு அந்தத் தொகுதிகளில் பெரும்பாலும் விடையில்லை. மேலும், வெறுமையாய் வந்த வானத்தில் மேகங்களைத் தம் கையாலேயே தீட்டிச் சேர்த்தார். கல்லில் உண்மை பேசியவர் வானத்தில் புனைந்துரைத்தார். சாட்சி சொல்ல வந்தவனுக்கு இது அழகன்று.

இவருக்கு நேராக வைத்துப் பார்க்கத் தக்கவர் எகிப்தியப் படை அலுவலர் முஹம்மது சாதிக் பே. 1861-இல் மதீனாவையும், 1880-இல் மக்காவையும் முதன்முதலாக ஒளிப்படமாக்கியவர் அவரே. அவர் ஹரமை மட்டும் எடுக்கவில்லை. ஹரமின் ஊழியர்களையும் எடுத்தார். தம் பயணங்களை நூலாகவும் எழுதினார். டிரைப்பின் கண் அரசாங்கத்தின் கண். சாதிக் பேயின் கண் அந்தப் பள்ளியில் தொழுபவனின் கண். இருவரும் 1902-இல் மறைந்தனர். ஆயினும் ஒருவர் நமக்குக் கட்டடத்தை விட்டுச் சென்றார்; மற்றவர் கட்டடத்தோடு அதன் வாழ்வையும் விட்டுச் சென்றார். மக்காவின் அஜ்யாத் கோட்டை 2002-இல் இடிக்கப்பட்டதை அறிந்தோர், பழைய படங்களின் மதிப்பை உணர்வர்.

இவ்வளவும் சொன்னது நம் ஊருக்காகவே. டிரைப்பின் தொகுதிகளில் பூவிருந்தவல்லிக்கு இடமில்லை. கோல்கொண்டா ஆட்சிக் காலத்தில், 1653-இல் எழுந்ததென்று சொல்லப்படும் பழம்பள்ளி அங்கே இருக்கிறது. அங்கிருந்து சைதாப்பேட்டைக்கு வந்தால், ஆர்மீனிய வணிகர் கோஜா பெத்ருஸ் உஸ்கான் 1726-இல் அடையாற்றின்மேல் கட்டிய பாலம் இன்றில்லை. பாரசீகமும் சேர்ந்த பன்மொழிக் கல்வெட்டு மட்டும் எஞ்சியது. நவாபின் சேப்பாக்கம் அரண்மனையில், 1768-இல் எழுந்த பகுதி 2012-இல் ஓரிரவுத் தீயில் எரிந்தது. எரிந்ததை மீண்டும் எழுப்புவோருக்கு முன்பிருந்த வடிவத்தைக் காட்ட வல்லது படமன்றி வேறென்ன?

தீயைவிட நாம் அஞ்சுவது நம் ஆர்வத்தையே. தொழுவோர் பெருகுகின்றனர், பள்ளியை விரிவாக்குவது கடமை, அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூவிருந்தவல்லியிலும் உள்ள முதவல்லிகளுக்கு நாம் சொல்வது ஒன்றே: கடப்பாரை விழுமுன் கேமரா வரட்டும். மிஹ்ராபையும் மிம்பரையும் ஹவுழையும் படமெடுங்கள். கல்வெட்டை நேர்நின்று, பக்கவெளிச்சத்தில், ஓர் எழுத்தும் விடாமல் எடுங்கள். அரபியும் பாரசீகமும் அறிந்தவரிடம் காட்டிப் படித்து எழுதி வையுங்கள். கட்டியவர், காத்தவர், பாங்கு சொன்னவர் பெயர்களை முதியோரிடம் கேட்டு, நாளும் ஆண்டும் குறித்துப் படத்தின் பின்னே பதியுங்கள்.

இன்று ஒவ்வோர் இளைஞன் கையிலும் கைப்பேசிக் கேமரா இருக்கிறது. டிரைப் பட்ட பாட்டில் நூற்றில் ஒரு பங்கும் அவனுக்கில்லை. டிரைப்பின் பொறுமையையும் சாதிக் பேயின் உறவையும் அவன் தன்னிடம் சேர்த்துக்கொண்டால், நம் வரலாற்றை எழுத வருபவர் பிறர் வீட்டு வாசலில் நிற்க நேராது.